பாவு என்று கத்தியவன்

எனக்கு உட்காரத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலை போடுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவேன். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்து போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். ஒரு மயிலின் கழுத்தை வளைக்க மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவாள். அவளுக்கு என்னைப் பார்த்தாலே பேஜார். "இன்னாங்க, கால்ல சக்கரம் கட்டியா பெத்தாங்க உங்கள? செத்த நேரம் ஒரு எடத்துல குந்துங்களேன்" என்பாள். தூக்கத்தில் நான் உதைக்கிறேன் என்று பல வருடமாகத் தனிப் பாயில்தான் படுக்கிறாள்.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஊர் ஃபுட்பால் அணிக்கு கோச் ஆக்கினார்கள். கோச்சுக்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியைப் போல் எனக்குப் பிடிக்காத சாமான் உலகத்தில் கிடையாது. உள்ளே இருபத்திரண்டு பேர் ஓடும்போது வெளியே ஒருவன் மட்டும் உட்கார வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? நான் நிற்பேன், நடப்பேன், கோட்டைத் தாண்டுவேன், ரெஃப்ரி கத்துவார், பின்னால் வருவேன், மறுபடியும் தாண்டுவேன்.

பத்தொன்பது வயதில் ஆரணியை விட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது முப்பத்தெட்டு. நடுவில் பதினோரு ஜெர்சி. சென்னையில் மூன்றாம் டிவிஷன், பிறகு இரண்டாம் டிவிஷன், மறுபடியும் மூன்றாம் டிவிஷன். கோலார் தங்கவயலில் ஒரு சீசன். பெங்களூரில் இரண்டு. கேரளத்தில் ஏழு பேர் ஆடும் பந்தயங்களில் நாலு வருடம். கோவாவில் ஒரு மாதம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரயில் டிக்கெட்டையும் ஒரு டஜன் வாழைப்பழத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையே எந்த ஊரில் பந்தயம் என்றாலும் கெஸ்ட்டாகப் போவேன். கெஸ்ட் என்றால் ஒரு பந்தயத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து கூட்டி வருகிற ஆட்டக்காரன். போன வாரம் எந்த ஊருக்காக கோல் போட்டேனோ அந்த ஊருக்கு எதிராகவே இந்த வாரம் ஆடியிருக்கிறேன். போன வாரம் தோளில் தூக்கியவர்கள் இந்த வாரம் என் அம்மாவைத் திட்டுவார்கள். அதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பையைப் பிரிக்காமலே பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

எந்த அணியும் என்னை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்றால், எனக்குத் தலையால் முட்டத் தெரியாது. ஒரு ஃபார்வர்டுக்கு இது பெரிய குறை. தரையோடு வரும் பந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு வலைக்குள் அனுப்புவேன். அதுவே தலை உயரத்துக்கு வந்தால் குனிந்துவிடுவேன். பயமெல்லாம் இல்லை. உடம்பு தானாகக் குனியும். மூன்றாவது மேட்சில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாலாவது மேட்சில் பெஞ்ச்.

காரணம் எங்கள் தெரு. பட்டு நெய்வதற்கு முன்னால் நெடுக்கு இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள், அறுந்ததை முடிவார்கள். அதுதான் பாவு. இன்றைக்கும் காலையில் எங்கள் தெருவில் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பாவு இடுப்பு உயரத்துக்கு நிற்கும். சிறு வயதில் அதற்கு அடியிலும் பக்கத்திலும்தான் எங்கள் ஆட்டம். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பிப் பட்டில் அழுக்குப் பட்டால் பந்தைக் கத்தரிக்கோலால் கிழித்துவிடுவார்கள். அதற்கு முன்பே முதுகு பழுத்திருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. புதுப் பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு யாராவது தெருவுக்குள் வந்தால், முதலில் பார்க்கிறவன் "பாவு!" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் ஒருவரும் அசையக் கூடாது. பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் அதை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்திவிட வேண்டும். கத்தியது நம் ஆளா எதிராளியா என்ற கேள்வியே கிடையாது. ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்றாலும் நிறுத்தத்தான் வேண்டும். நெசவுத் தெருவில் வளர்ந்தவனுக்கு இந்தச் சொல் காதில் விழுந்தால் மூளைக்குப் போகாது, நேராகக் காலுக்குப் போகும். நாற்பது வயதுக்காரன் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கத்திப் பாருங்கள், நின்றுவிட்டுத்தான் உங்களைத் திட்டுவான்.

கோச் ஆனதும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இந்தச் சத்தத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான். என் அணியில் முக்கால்வாசிப் பேர் நெசவுத் தெருப் பிள்ளைகள். தறி நெய்கிறவன், பட்டுக் கடையில் நிற்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், ரத்தம் சோதிக்கிறவன். வலது ஓரத்திலிருந்து பந்து தரையோடு வரும். முன்னால் நிற்கிறவன் அடிக்கப் போவதுபோல் காலைத் தூக்குவான். எதிரணி கோல்கீப்பர் அவனுக்காகப் பாய்வார். அந்த நேரம் பின்னால் வருகிறவன் "பாவு!" என்று கத்துவான். முன்னால் இருப்பவன் பந்தை அமுக்கி நிறுத்துவான், பின்னால் வந்தவன் காலியான பக்கத்தில் அடிப்பான். தேசூரில் ஒரு கோப்பை, சேத்துப்பட்டில் இரண்டு கோப்பை இதை வைத்தே வாங்கினோம். சேத்துப்பட்டில் ஒரு பெரியவர், "இன்னாடா, பந்து ஆட வந்து பாவு பாவுன்னு கத்திகினு கீறீங்க, சேலை விக்க வந்தீங்களா?" என்று கேட்டார். கோப்பையைத் தூக்கிக் காட்டினோம்.

எங்கள் ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஆட்டமெல்லாம் அவனிடம் இருந்தது, என் குறை ஒன்றும் இல்லை. தரையோடும் அடிப்பான், தலையாலும் முட்டுவான். அடுத்த தெருப் பையன். மாமனார் வீட்டுத் தறியில் நெய்கிறான். எனக்கு நேரெதிர். உட்காரச் சொன்னால் உட்காருவான், பேசச் சொன்னால்தான் பேசுவான். கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தால் மற்றவர்களுக்குப் பதறும், அவன் பாவில் அறுந்த இழையை எடுத்து முடிகிறவன் மாதிரி நிதானமாக அடிப்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நல்ல விதமாகவும் எரியும், கெட்ட விதமாகவும் எரியும். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைப்பானேன்.

அவனுக்கு அந்த வருடம் ஆவணி முடிந்தால் இருபத்தைந்து. அரசுத் துறை அணிகளில் ஆட்டக்காரனாகச் சேர்ந்தால் வேலையும் கிடைக்கும். ஆனால் நான் கண் வைத்திருந்த அணியில் இருபத்தைந்து தொட்டவனை எடுக்க மாட்டார்கள். இந்தத் தடவை ஆகவில்லையென்றால் பந்தை விட்டுவிடுவது என்று மாமனார் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட வேண்டும். அதை அவனே ஒரு நாள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான். "ஆவணி வரைக்கும்தான்ணா. அதுக்கப்புறம் ஷூவ யாருக்காவது குடுத்துடலாம்." அன்றைக்கு நான் மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தத் துறை அணிக்கு ஆள் எடுக்கும் கோச் என் பழைய நண்பன். சென்னையில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்திருக்கிறோம். என் லுங்கியை அவன் கட்டுவான், அவன் சோப்பை நான் கரைப்பேன். பத்துத் தடவை போன் போட்டேன். "வரேன்டா, வரேன்டா" என்பான், வர மாட்டான். கடைசியில் ஆடி மாதம் தானாக அமைந்தது. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு அவன் குடும்பத்தோடு பொங்கல் வைக்க வந்தான். அதே ஞாயிற்றுக்கிழமை ஆரணிக் கோட்டை மைதானத்தில் எங்களுக்கும் வேலூர் அணி ஒன்றுக்கும் இறுதி ஆட்டம். திரும்பிப் போகிற வழியில் அரை மணி நேரம் நின்று பார்க்கிறேன் என்றான். "அர மணி நேரம்தான். குழந்தைங்க கூட வராங்க. ஜல்தியா முடிச்சிடு" என்றான். நான் ஏதோ முடி வெட்டுகிறவன் மாதிரி.

ஆட்டக்காரர் பட்டியலை நான்தான் எழுதினேன். பதினோரு பேர், மாற்று ஆட்கள், எல்லோருக்கும் கீழே கடைசி வரியில் என் பெயர். இது என் வழக்கம். கோச் ஆன நாளிலிருந்து ஒரு பட்டியலிலும் என் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. நாற்பத்து மூன்று வயது. கேட்பவர்களிடம், யாருக்காவது அடிபட்டால் ஆள் வேண்டாமா என்பேன். என் மனைவி மட்டும் ஒரு தடவை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் மாப்பிள்ள நீங்கதான்னு நெனப்பு" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மேகம் மூடி வெக்கையாக இருந்தது. நண்பனின் கார் இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. நெற்றி முழுக்கக் குங்குமம், கையில் பிரசாதப் பை. காரைவிட்டு இறங்கிக் கதவில் சாய்ந்து நின்றான். உள்ளே குழந்தைகள் பசிக்கிறது என்று கத்துவது எனக்கே கேட்டது. ஒரு கோலும் விழாத ஆட்டம். எங்கள் ஒன்பதாம் நம்பர் முதல் பாதியில் இரண்டு தடவை கம்பத்தில் அடித்திருந்தான். அதையெல்லாம் இவன் பார்க்கவில்லை. இவன் வந்த பிறகு பந்து எங்கள் பக்கமே வராமல் வேலூர்க்காரன் காலிலேயே சுற்றுகிறது. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு. நாற்காலியை உதைத்தேன், அது விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி உதைத்தேன்.

நண்பன் கடிகாரத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், நடுவில் ஆடியவனை வெளியே கூப்பிட்டுவிட்டு நான் சட்டையைக் கழற்றினேன்.

நான் உள்ளே போனது அவனுக்காக என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நடுவில் நின்று பந்தை வாங்கி அவன் காலில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவன் அடிக்க வேண்டும், நண்பன் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் அதைத்தான் செய்தேன். இரண்டு பந்து அவனுக்குக் கொடுத்தேன். அதில் ஒன்றை கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டிவிட்டார்.

பிறகு வலது ஓரத்தில் எங்கள் ஆட்டோக்காரன் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடிப் பந்தைத் தரையோடு உள்ளே அனுப்பினான். எங்கள் தெருப் பந்து. முழங்காலுக்கு மேல் எழும்பாத பந்து. அது ஒன்பதாம் நம்பருக்கு நேராக வருகிறது. கோல்கீப்பர் தப்பான பக்கம் சாய்ந்துவிட்டார். அவன் காலைத் தூக்கிவிட்டான், அடித்தால் கோல். ஏமாற்ற வேண்டிய ஆளே அங்கே இல்லை, என் தந்திரத்துக்குத் தேவையே இல்லை. நான் அவனுக்கு நாலடி பின்னால் ஓடி வருகிறேன். பந்து புல்லில் வரும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

"பாவு!"

யார் கத்தியது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அவன் கால் இறங்கியது. உள்ளங்கால் பந்தை அமுக்கியது. அவன் ஒதுங்கினான். நான் அடித்தேன். வலை உப்பியது.

அடடா, என்ன கோல்! இப்போது நினைத்தாலும் கால் குறுகுறுக்கிறது. பதினோரு ஜெர்சியில் அப்படி ஒரு கோல் போட்டதில்லை. ஊரே உள்ளே ஓடி வந்தது. பாதிப் பேருக்கு என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த வயது. என்னைத் தோளில் தூக்கினார்கள். அம்மனுக்கு வாங்கிய மாலையை ஒருவன் என் கழுத்தில் போட்டான். மிச்சம் ஆறேழு நிமிட ஆட்டம் எப்படி நடந்தது என்றே தெரியாது, நாங்கள் ஜெயித்தோம்.

நண்பன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "டேய் கெழவா! இன்னும் அப்டியே கீறியேடா!" என்றான். பிறகு என்னைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன பையன் எவன்? அந்த ஒம்போதா? ஓட்டம் நல்லா கீது. ஆனா கோல் வாயில நிக்கறான்டா. அவ்ளோ அல்வா மாதிரி பந்து வருது, அடிக்காம கால வச்சி அமுக்கிகினு கீறான். அடிக்க பயப்படறவன எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்றது?" என்றான்.

அவன் நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கழுத்தில் மாலை இருந்தது, சுற்றிலும் கைதட்டல் இருந்தது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். குழந்தைகள் ஹாரன் அடித்தார்கள். நண்பன் ஓடிப்போய் காரில் ஏறினான். ஒன்பதாம் நம்பர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பயிற்சிக்கு அவன் வருவானோ மாட்டானோ என்று விடியும் முன்பே போய் நின்றேன். வழக்கமான நேரத்துக்கு வந்தான். "வணக்கம்ணா" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பந்தைப் போட்டு ஆட்டம் தொடங்கியதும் தெரிந்தது. பந்து அவனுக்கு வந்தது. முன்னால் கோல்கீப்பர்கூட இல்லை. அவன் உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தினான், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். யாரும் கத்தவில்லை. இருந்தாலும் நிறுத்தினான்.

"அடிடா!" என்றேன்.

அடித்தான். கோல்தான். அடுத்த பந்திலும் அதே கதை. நிறுத்து, திரும்பு, என்னைப் பார். அடுத்த நாளும் அப்படித்தான். முறைப்பு இல்லை, கேலி இல்லை. அவனுக்கே தெரிகிறதா என்பதும் சந்தேகம். நான் என் வாழ்க்கை முழுக்கத் தலைக்கு வந்த பந்துக்குக் குனிந்தேனே, அதே மாதிரி அவன் காலுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. என் தெரு எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்துவிட்டேன். தெருவாவது தெரியாமல் செய்தது.

நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்குள் நடந்தேன், மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். மனைவி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோல் போட்டவருக்கு இன்னா கஷ்டம்?" என்றாள். சொல்லிவிட்டேன். மாலையையும் சொன்னேன், பல்லைக் காட்டியதையும் சொன்னேன். அவள் கையை மவுஸிலிருந்து எடுத்தாள். அவள் வேலைக்கு நடுவில் அப்படிக் கையை எடுத்து நான் பார்த்ததில்லை.

"பொண்டாட்டி பக்கத்துல படுத்தா ஒதைக்கறீங்கன்னு தள்ளிப் படுத்தேன். அந்தப் புள்ள எங்க போயி தள்ளிப் படுப்பான்?" என்றாள். பிறகு, "உங்க ஃபிரண்டுகிட்ட போன்ல சொல்லாதீங்க. போன்ல நீங்க வேற மாதிரி பேசுவீங்க. நேர்ல போயி நின்னு சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை சென்னைக்குப் பஸ் ஏறினேன். ஆற்காடு தாண்டும் வரை நின்றுகொண்டேதான் போனேன், சீட் இருந்தும். நண்பனை அவன் அலுவலகக் கேன்டீனில் பிடித்தேன். பாவு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அவன் பாதி இட்லியோடு கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உனக்கு ஆட்டம் முடிஞ்சிடுச்சின்னு யாரும் சொல்லலயாடா?" என்றான்.

"சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அவன் சிரிக்கவில்லை. டபராவில் இருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அடுத்த புதன்கிழம கடைசி செலக்‌ஷன். ரெண்டு டீமா பிரிச்சி ஒரு ஆட்டம். வரச் சொல்லு. உனக்காக இல்ல" என்றான். அதற்குள் ஆவணி பிறந்துவிட்டிருந்தது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நானும் ஒன்பதாம் நம்பரும் போனோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். வாலாஜா வந்ததும் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னிக்கி தப்பு என்னுதுடா. அது உன் பந்து. நான் கத்தியிருக்கக் கூடாது. அந்த கோச்சுகிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க கத்துனீங்க, நான் நிறுத்துனேன். அவ்ளோதான்ணா" என்றான். கோபத்தோடு சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு திட்டுத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து எனக்கு நீட்டினான்.

மைதானத்தில் அவனுக்கு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். நண்பன் என் பக்கம் வரவே இல்லை. அட்டையில் தாளை மாட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் நின்றான். ஆட்டம் தொடங்கியது. எங்கள் பையன் நன்றாகத்தான் ஓடினான். பதினைந்தாவது நிமிடமோ என்னவோ, பந்து அவனுக்கு வந்தது. கோல் திறந்து கிடக்கிறது. அவன் உள்ளங்காலால் அமுக்கினான். தலையைத் திருப்பினான். ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் சரியாக என்னைக் கண்டுபிடித்துப் பார்த்தான். அதற்குள் ஒருவன் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர்ப் பக்கம் நண்பன் தாளில் ஏதோ எழுதினான்.

என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடி, ஓடு, திரும்பாதே என்று ஏதாவது கத்த வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் தோன்றியது. நான் எதைக் கத்தினாலும் அவன் காலுக்கு அது ஒரே சொல்லாகத்தான் போய்ச் சேரும். கத்தாமல் நின்றாலும் அவன் திரும்பிப் பார்ப்பான். அவன் பார்க்கிற இடத்தில் நான் இருக்கிற வரைக்கும் அவன் கால் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நான் திரும்பி நடந்தேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். சுவர் உயரமாக இருந்தது, உள்ளே ஒன்றும் தெரியாது. எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் பஸ் நிறுத்தம். இருபது வருடமாக எத்தனையோ மைதானங்களின் கேட் வழியாக வெளியே வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது போகச் சொன்னதால்தான் வந்தேன். ஒரு ஆட்டம் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது நானாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் போல் ஒரு நேரம் யாருக்கும் வரக் கூடாது. டீ சொன்னேன், குடிக்காமல் காசு கொடுத்தேன். டீக்கடைக்காரர், "ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரட்டுமா?" என்றார். உள்ளே விசில் சத்தம் கேட்கும். எதற்கு என்று தெரியாது. ஒரு கூச்சல் எழும்பும். யாருக்கு என்று தெரியாது. சுவரில் ஏறிப் பார்க்கலாம், ஒரு கல் கூட அங்கேயே கிடந்தது. கல்லின் மேல் ஒரு காலை வைத்தும் விட்டேன். எடுத்துவிட்டேன். எங்கே என்னை அறியாமல் கத்திவிடுவேனோ என்று தோளில் கிடந்த துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே கீழே உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் உடம்பு சரியில்லாதவன் என்று நினைத்திருப்பார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சுவர் நிழல் என் கால் வரைக்கும் வந்திருந்தது. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் உட்கார்ந்ததை என் மனைவி பார்த்திருக்க வேண்டும். நம்பியிருக்க மாட்டாள்.

கேட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக அவன் வந்தான். மஞ்சள் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தேடிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். பக்கத்தில் வந்து அவனும் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றித் தட்டி மண்ணை உதிர்த்தான்.

"திங்கக்கிழம சர்டிஃபிகேட்லாம் எடுத்துகினு வரச் சொன்னாரு" என்றான்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. எத்தனை கோல் என்று விரலை நீட்டிக் கேட்டேன்.

"ஒண்ணுதான்ணா. ரெண்டாவது பாதில. ரைட்லருந்து தரையோட வந்துது, நம்ம பந்து மாதிரியே." இன்னொரு ஷூவையும் தட்டினான். "திரும்பிப் பார்த்தேன், நீங்க இல்ல. பாவுன்னு கொரலு வரும்னு ஒரு நொடி நின்னேன். வர்ல. அடிச்சிட்டேன்."

நான் அப்போதுதான் வாயிலிருந்து துண்டை எடுத்தேன்.